நல்லதங்காளின் பிறந்த வீடு

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி என்று மலையடிவாரத்தை ஒட்டி இருக்கும் ஊர்களுக்கு விருதுநகர் மாவட்டத்தில் தனி முகம் உண்டு. மாவட்டத்தின் பெரும்பகுதி மானம் பார்த்த கரிசல். இங்கேயோ மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகள் கண்மாய்களை நிரப்ப, நெல்லும் தென்னையும் நிற்கின்றன. இந்த மலையில் பிறக்கும் அர்ச்சுனா நதி கிழக்கே ஓடி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. சதுரகிரிக்குப் போகும் பக்தர்கள் கடந்து செல்லும் இந்த வட்டாரத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரம் இருக்கிறது. அங்கே நல்லதங்காளுக்கு ஒரு கோயிலும், அவள் ஏழு பிள்ளைகளோடு விழுந்து இறந்ததாகச் சொல்லப்படும் கிணறும் உள்ளன.

கதைப்பாடலாகவும், ‘பெரிய எழுத்து’ புத்தகமாகவும், விடிய விடிய நடக்கும் நாடகமாகவும், திரைப்படமாகவும் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய ஒரு துன்பியல், தன் சொந்த ஊர் என்று காட்டுவது இந்த மண்ணைத்தான். கதை பலருக்கும் தெரியும். தெரிந்த கதை என்பதாலேயே அதன் பேச்சையும் கட்டமைப்பையும் யாரும் நின்று கவனிப்பதில்லை. கொடுமைக்கார மதினி ஒருத்தியால் குடும்பம் அழிந்த கதை என்று இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். கதைப்பாடலைக் கூர்ந்து கேட்டால் அது வேறொன்றைச் சொல்வது புரியும்.

அர்ச்சுனாபுரத்து நல்லதம்பியின் தங்கை நல்லதங்காள். மானாமதுரைக் காசிராஜனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு ஏழு பிள்ளைகள் பெறுகிறாள். மானாமதுரைச் சீமையில் 12 ஆண்டுகள் மழை பொய்க்கிறது. சேர்த்துவைத்தது எல்லாம் தீர்ந்தபின், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். காசிராஜன் தடுக்கிறான். கெட்டு நொந்தவர்கள் சொந்தக்காரர் வாசலில் போய் நிற்கக் கூடாது என்பது அவன் வாதம். அவள் கேட்கவில்லை. வழியில் காட்டில் வேட்டையாடிக்கொண்டிருக்கும் அண்ணனைப் பார்க்கிறாள். ‘நீ முன்னால் போ, நான் வருகிறேன்’ என்று அவன் அனுப்பிவைக்கிறான். வீட்டில் அண்ணன் மனைவி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். அதன்பின் நடப்பதெல்லாம் பசி, அவமானம், கிணறு. வீடு திரும்பிய நல்லதம்பி, நடந்ததை அறிந்து, திருமணம் என்று சூழ்ச்சி செய்து மனைவியையும் அவள் உறவினரையும் கொல்கிறான். கடைசியில் அவனும் காசிராஜனும் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். சில வடிவங்களில் சிவனும் பார்வதியும் வந்து எல்லோரையும் எழுப்புகிறார்கள்.

இந்தப் பாட்டை முதலில் கட்டியவர் யார் என்று பெயர் சொல்ல ஆளில்லை. வாய்வழியாக வளர்ந்த கதைப்பாடல்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் அச்சு வந்தது. இந்தியர்கள் அச்சகம் நடத்த இருந்த கட்டுப்பாடுகள் 1835-இல் நீங்கியபின், சென்னை அச்சகங்கள் அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை போன்றவற்றை மலிவுத் தாளில் அடித்துத் தள்ளின. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு வசதியாகப் பெரிய அச்சில் வந்ததால் ‘பெரிய எழுத்து’ என்று பெயர். சென்னை கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் வெளியிட்ட இந்தப் புத்தகங்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றன. ஒரு வீட்டில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் ராகம் போட்டு வாசிக்க, தெருவே உட்கார்ந்து கேட்கும். நல்லதங்காள் கதை அப்படிக் காதால் கேட்பதற்கென்றே அமைந்த மொழியில் இருக்கிறது.

அந்த மொழியின் பலம் அடுக்குதல். பஞ்சத்தைச் சொல்லும் பகுதியில் வருணனை இல்லை, உவமை இல்லை. யார் எதை விற்றார்கள், எது எதற்கு விலைபோனது, எந்த உறவு எப்போது அறுந்தது என்று வரிவரியாகச் சொல்லி, வரிகளைப் ‘பஞ்சம்’ என்ற சொல்லில் கொண்டுபோய் முடிக்கிறது பாட்டு. நகை முதலில் போகிறது, பிறகு பாத்திரம், பிறகு பெற்ற பிள்ளை. இழவு வீட்டு ஒப்பாரியின் நடை இது. ஒப்பாரியில் உள்ளதுபோலவே, கேட்கிறவள் தன் வீட்டுத் துயரத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. எந்த ஆண்டுப் பஞ்சம் என்று பாட்டு சொல்லாததும் அதனால்தான் பலமாகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தான் பட்ட பஞ்சத்தை அதில் பொருத்திக்கொண்டது.

பொருத்திக்கொள்ளப் பஞ்சங்களுக்குக் குறைவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் வெகுகாலம் பேசினார்கள். பிரிட்டிஷ் அரசின் பஞ்சத் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதே துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. நல்லதங்காள் வாழ்க்கைப்பட்ட மானாமதுரை இருக்கும் சிவகங்கைச் சீமையில், வில்லியப்ப பிள்ளை இந்தப் பஞ்சத்தைப் பொருளாக வைத்துப் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ பாடினார். கற்றவர் எழுதிய பஞ்ச இலக்கியம் அது. கல்லாதவர் கையில் இருந்தது நல்லதங்காள்.

நாடகத்தின் நிலவியலும் கவனிக்க வேண்டியது. மானாமதுரைக்கும் அர்ச்சுனாபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒன்று வைகைக் கரை; ஆற்றில் நீர் வராவிட்டால் வறண்டுபோகும் சமவெளி. மற்றொன்று மலை நீர் பாயும் அடிவாரம். கதையில் மானாமதுரை பட்டினியில் கிடக்கிறது. அர்ச்சுனாபுரத்தில் தானியம் இருக்கிறது. வேட்டைக்குப் போகிற அளவுக்கு அண்ணன் நிம்மதியாக இருக்கிறான். ஊரே பட்டினி கிடந்தால் இது பஞ்சப் பாட்டாக நின்றுபோயிருக்கும். நிறைந்த குதிருக்கு முன்னால் பிள்ளைகள் பட்டினி கிடப்பதால்தான் நாடகமாகிறது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளிவந்த ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். பல பஞ்சங்களில் மக்கள் இறந்தது உணவே இல்லாததால் அல்ல. இருந்த உணவைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு இல்லாமல் போனதால். நல்லதங்காள் கதையின் முடிச்சும் இதுதான். பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு படி கேழ்வரகுக்கு அவளுக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா?

அலங்காரியின் சமையலறைக் காட்சி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக் காட்டுகிறது. கதவைத் தன் கற்பின் வலிமையால் திறந்து உள்ளே வந்த நாத்தனாரிடம் அலங்காரி ‘இல்லை’ என்று சொல்வதில்லை. கேழ்வரகு கொடுக்கிறாள், அது வருஷக்கணக்கில் கிடந்து மக்கிப்போனது. அரைக்கத் திருகை கொடுக்கிறாள், அது உடைந்தது. காய்ச்சச் சட்டி கொடுக்கிறாள், அது ஓட்டை. எரிக்கக் கொடுப்பது பச்சை வாழைமட்டை. நாளைக்கு யாராவது கேட்டால், கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உறவின் கடமையைப் பெயரளவில் நிறைவேற்றி, அதன் உள்ளீட்டை முழுக்க உறிஞ்சிவிடும் இந்தக் கொடுமையை ஒரு வசைச்சொல்கூட இல்லாமல், நான்கு பொருள்களை அடுக்கியே காட்டிவிடுகிறது பாட்டு. குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இடங்கள் தமிழில் குறைவு.

அடுத்து நடப்பது இன்னும் நுட்பம். பச்சை மட்டை எரிகிறது, ஓட்டைச் சட்டியில் கூழ் கொதிக்கிறது. எல்லாம் அவள் கற்பின் வலிமை. ஆனால் கொதித்த கூழ் பிள்ளைகளின் வாய்க்குப் போகும்முன் அலங்காரி சட்டியை உடைத்துவிடுகிறாள். தரையில் வழிந்ததைப் பிள்ளைகள் வழித்துக் குடிக்கிறார்கள். கண்ணகியின் கற்பு மதுரையை எரித்தது. நல்லதங்காளின் கற்புக்குப் பூட்டிய கதவைத் திறக்கவும் ஈர மட்டையை எரிக்கவும் சக்தி உண்டு. அந்த வீட்டை எரிக்க அவள் அதைப் பயன்படுத்தவே இல்லை. அது அவள் அண்ணன் வீடு, அவள் பிறந்த வீடு. அந்த வீட்டுக்குக் கேடு நினைக்க அவளுக்கு மனசு வராது. அவளுடைய பாசமே அவளுக்கு எதிராகத் திரும்பும் இடம் இது. கோபம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே திரும்புகிறது. கிணற்றை நோக்கிய நடை இங்கே தொடங்குகிறது.

தாயே பிள்ளைகளைக் கொல்லும் நாடகம் என்றதும் உலக இலக்கியம் அறிந்தவர்களுக்கு யூரிபிடிஸின் மீடியா நினைவுக்கு வரும். கி.மு. 431-இல் ஏதென்ஸ் நகர நாடகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற அந்த நாடகம் இன்றும் மேடையேறுகிறது. மீடியா தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்க இரு மகன்களைக் கொல்கிறாள். கொலை வீட்டுக்குள் நடக்கிறது. பார்வையாளருக்குப் பிள்ளைகளின் குரல் மட்டும் கேட்கிறது. நல்லதங்காளில் எதுவும் மறைக்கப்படுவதில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக, ஏழு முறை. எண்ணிக்கையே இங்கே மொழியாகிறது. கேட்பவர்கள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வருகிறார்கள்.

இரண்டு பெண்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு பிறந்த வீடு. மீடியா அன்னிய நாட்டுக்காரி. கணவனுக்காகத் தன் சொந்தச் சகோதரனையே பலிகொடுத்துவிட்டு வந்தவள். கைவிடப்பட்டபின் திரும்பிப் போக அவளுக்கு வீடு இல்லை. அதைச் சொல்லியே அழுகிறாள். நல்லதங்காளுக்கு வீடு இருக்கிறது, அண்ணன் உயிரோடு இருக்கிறான், அவன் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். இத்தனையும் இருந்து அவள் சாகிறாள். துன்பியலுக்குச் சிறந்த பொருள் பகைவருக்கிடையே நடக்கும் கேடு அல்ல, நெருங்கிய உறவுக்குள் நடக்கும் கேடுதான் என்று அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் எழுதினார். நல்லவர் ஒருவர் செய்யும் பிழை ஒன்றிலிருந்து வீழ்ச்சி பிறக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பிழையை இந்தக் கதையில் தேடினால், விரல் முதலில் அலங்காரியை நோக்கி நீளாது. அவள் நல்லவளாகத் தொடங்கவே இல்லை. பிழை செய்தவர்கள் நல்லவர்கள்.

காசிராஜன் மனைவியைத் தனியாக அனுப்புகிறான். காட்டில் தங்கையையும் ஏழு பிள்ளைகளையும் பார்த்த நல்லதம்பி கூடப் போவதில்லை. அவன் அன்று வேட்டையை விட்டுவிட்டு அவர்களோடு நடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் உடன் வந்தால் அவள் வீட்டுக்கு வந்த மகள். அவன் இல்லாமல் போனால் வாசலில் நிற்கும் இரப்பவள். அவளுடைய உரிமை முழுக்க ஒரு ஆண் பக்கத்தில் இருக்கிறானா என்பதில் தொங்குகிறது. கடைசியில் மூத்த பையன் உயிருக்குப் பயந்து தாயின் பிடியிலிருந்து ஓடுகிறான். மாடு மேய்ப்பவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டுவந்து தாயிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை, தாயை விட்டு ஓடும் பிள்ளையைத் தாயிடம் சேர்த்தது புண்ணியம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. உறவு முறைப்படி எது சரியோ அதையே எல்லோரும் செய்கிறார்கள். அந்தச் சரிகளின் வரிசைதான் எட்டுப் பேரையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்து விடுகிறது.

அவள் மட்டும் கடைசிவரை அண்ணனை நம்புகிறாள். போகிற வழியெல்லாம் ஆவாரங்கொப்புகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே போகிறாள், தேடி வரும் அண்ணனுக்குத் தடம் தெரியவேண்டும் என்று. கரிசல் காட்டில் எங்கும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி அது. பாட்டின் சொற்களில் காப்பியத் தாமரையோ அல்லியோ வருவதில்லை. ஆவாரை, கேழ்வரகு, வாழைமட்டை, திருகை என்று இந்த வட்டாரத்துப் பெண் தினமும் தொட்ட பொருள்களே வருகின்றன.

இந்தக் கதை மேடைக்கு வந்தபோது அதற்கு வேறொரு வடிவம் கிடைத்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம் என்று எழுதிய நாடக வரிசையில் நல்லதங்காளும் உண்டு. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு கற்ற அவர், வெண்பாவும் விருத்தமும் சிந்தும் வசனமும் கலந்து நாடகம் கட்டினார். அந்தக் கலவையில் பார்வையாளர்கள் மிகவும் ரசித்தது தர்க்கம். இரண்டு பாத்திரங்கள் பாட்டுக்குப் பாட்டு மோதிக்கொள்ள, ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் சூடேற்றுவார்கள். மேடைக்கு மோதல் வேண்டும். பஞ்சத்தோடு தர்க்கம் பாட முடியாது; மதினியோடு பாடலாம். கதைப்பாடலில் பலர் கையில் பரவிக் கிடந்த பழி, மேடையில் அலங்காரி வேஷத்தின் தலையில் போய்க் குவிவது அதனால் இயல்பாகவே நடக்கும்.

மேடையின் பின்னால் வேறொரு பசி இருந்தது. 1918-இல் மதுரையில் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கேதான் சேர்ந்தார்கள். பாலர் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பையன்களே. மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்பதற்காகப் பிள்ளைகளைக் கம்பெனியில் விட்டுப்போன பெற்றோர் பலர். தந்தையை இழந்து, வறுமை தாங்காமல் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அண்ணன் சக்கரபாணியோடு சேர்ந்த எம்.ஜி.ஆர். தன் பிள்ளைப் பருவப் பசியைப் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார். 1982 ஜூலை 1-இல் அவர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன், 1956-இல், பள்ளிகளில் மதிய உணவைப் பரவலாக்கிய காமராஜர் நல்லதங்காளின் மாவட்டத்துக்காரர், விருதுநகரில் பிறந்தவர். வறண்ட இந்தத் தெற்குச் சீமையில் பிள்ளைகளின் பசி கதையாக மட்டும் இருந்ததில்லை. யார் தயவும் இல்லாமல் ஒரு குழந்தை தட்டை நீட்டலாம் என்ற நிலை நம் அரசியலில் உருவாக இத்தனை காலம் ஆனது.

திரைக்கும் கதை சீக்கிரமே போய்விட்டது. தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கிய 1931-க்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1935-இல் ‘நல்லதங்காள்’ வந்தது. 1950-இல் மலையாளத்தில் ‘நல்ல தங்க’ என்ற பெயரில் வந்த படத்தில் மிஸ் குமாரியும், பாடகர் யேசுதாஸின் தந்தை அகஸ்டின் ஜோசப்பும் நடித்தார்கள். 1955-இல் தமிழில் மீண்டும் எடுத்தபோது மாதுரி தேவியும் ஆர்.எஸ். மனோகரும் நடித்தார்கள். எல்லை தாண்டியும் இந்தக் கதை புரிந்தது. கட்டிக்கொடுத்த மகள் பிறந்த வீட்டில் விருந்தாளிதான் என்ற வழக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

அந்த வழக்கத்தைச் சட்டம் மெல்லத்தான் தொட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிறப்பாலேயே வரும் சம உரிமையைத் தரவில்லை. தமிழ்நாடு அரசு 1989-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த உரிமையை மகள்களுக்கும் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த மார்ச் 25-க்கு முன்பே திருமணமாகிப் போனவர்கள் அதில் சேரவில்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வந்தபிறகுதான் திருமணமான மகளுக்கும் கதவு திறந்தது. ஏழு பிள்ளைகளோடு வந்து நின்ற நல்லதங்காளை 1989 சட்டம்கூட வெளியிலேயே நிறுத்தியிருக்கும். இன்றும் எத்தனையோ பெண்கள் ‘எனக்கு எதுவும் வேண்டாம், அண்ணன் வீட்டு வாசல் திறந்திருந்தால் போதும்’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அர்ச்சுனாபுரத்து வாசலில் அவள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அந்தக் கையெழுத்தின் கனத்தை அறிவார்கள்.

ஆகவே இந்த நாடகத்தைப் பாடத்திட்டத்தில் வைப்பவர்களும் மேடைக்கு எடுப்பவர்களும் அலங்காரியின் கொடுமையோடு நின்றுவிடக் கூடாது. பஞ்சப் பாட்டை முழு நீளத்துக்கு ஒலிக்கவிட வேண்டும். வேட்டைக் காட்டில் அண்ணனும் தங்கையும் சந்திக்கும் காட்சிக்கு உரிய நேரம் கொடுக்க வேண்டும். பாசத்தில் குறை வைக்காத ஒரு அண்ணன், தங்கையைப் பார்த்த மகிழ்ச்சியோடு ‘நீ முன்னால் போ’ என்று சொல்கிறான். நாடகத்திலேயே கொடிய வசனம் அதுதான். அதைச் சொல்லும் ராஜபார்ட் நடிகர் கனிவாகவே சொல்ல வேண்டும்.